எந்தக் கட்சிச் சீட்டு வேணும்?

— நீ கை தட்டினியா இல்லையா, எல்டன்? அதை மட்டும் சொல்லு.

— எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்.

— எல்லாரும் தட்டினதை நான் கேக்கல. கட்டின பொண்டாட்டி பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கா. வருஷா வருஷம் நம்ம கட்சியோட லிங்கன் விருந்துல மேடையேறிப் பேசறவ அவ. இந்த வருஷம் அவளை இறக்கிட்டு அவ தங்கச்சியை ஏத்தறோம்னு கமிட்டித் தலைவர் அறிவிக்கிறாரு. அதுக்கு நீ கை தட்டற.

— சத்தமாத் தட்டல, ரோவீனா.

— சத்தம் வராமத் தட்டினா அது தட்டினதுல சேராதா?

— கையுறை போட்டிருந்தேன்.

— சிரிக்காதே. ரோட்டைப் பாத்து ஓட்டு. பனி உறைஞ்சு கெடக்கு.

— அதான் மெதுவாப் போறேன்.

— போ, மெதுவாவே போ. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நாளைக் காலை ரேடியோ நிகழ்ச்சிக்குப் பேச வேண்டியதை நான் ஒரு தடவை பேசிப் பாத்துடணும். நான் ஒண்ணும் பொறாமையில பேசல. அதை முதல்ல மனசுல வெச்சுக்க.

— சரி.

— என்ன சரி? அவ மேல எனக்கு என்ன பொறாமை? இந்தக் கேல்வர்ட் கவுண்டியில ரேடியோவைத் திருகினா யாரு குரல் வரும்? என் குரல். மாட்டுக்குத் தீனி வெக்கிறவன், பால் லாரி ஓட்டறவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டறவ, அத்தனை பேரும் நம்ம மாநிலத் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில நேத்து என்ன கூத்து நடந்துச்சு, வாஷிங்டன்ல என்ன கூத்து நடந்துச்சுன்னு என் வாயாலதான் தெரிஞ்சுக்கறாங்க. மேவிஸ் யாரு? அடுப்படியில உக்காந்து ஆப்பிள் சீவிக்கிட்டே போன்ல தன்னைத் தானே படம் பிடிச்சுக்கறவ.

— அதைத்தான் இப்ப நாடு பூராப் பாக்குது.

— ஆப்பிளைப் பாக்குது.

— இருக்கட்டும்.

— 'வாஷிங்டன்காரனுக்கு நம்ம குட்டைத் தண்ணி மேலயும் கண்ணு. விட்டா நாளைக்கு மழை பெய்யறதுக்கும் லைசென்ஸ் கேப்பான்.' இதை யாரு சொன்னது?

— மேவிஸ். போன வாரம் தேசிய டி.வி.யில.

— அவளுக்கு முன்னாடி?

— நீ. ரேடியோல.

— ம். நான் சொன்னப்ப ஒருத்தன் சிரிக்கல. அவ சொன்னா நியூயார்க்ல கோட்டு போட்டு உக்காந்திருக்கறவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். என் சொத்து அது, எல்டன். பகல் கொள்ளை.

— அது உங்க அப்பா சொன்னது, ரோ. குட்டையை ஆழப்படுத்தக் கூடாதுன்னு அதிகாரி வந்து நின்னப்ப, அவன் முகத்துக்கு நேரா சொன்னாரு. நானும் அங்க இருந்தேன்.

— அப்பா சொன்னாருன்னா அது மூத்தவளுக்குத்தான் சேரும்.

— அதை நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க.

— அம்மாவோட முத்து மாலையையும் போட்டுக்கிட்டு டி.வி.யில வந்திருந்தா. பாத்த இல்ல? டி.வி. விளக்குல அது என்னமா மின்னுது. அம்மா அதைப் போட்டு நான் ஒரு நாளும் அப்படி மின்னிப் பாக்கல.

— நீதானே தூக்கிக் குடுத்த?

— ரேடியோக்காரி கழுத்தை யாரு பாக்கப் போறாங்கன்னு குடுத்தேன். இவ இப்படிப் போய் நிப்பான்னு கண்டேனா?

— நல்லாத்தான் இருந்துச்சு அவளுக்கு.

— உன்னை யாரும் கேக்கல. அப்புறம் அந்தப் பெட்ரோல் வரி விஷயம். அதை எவ்வளவு நைசாப் பேசறா பாரு. நான் என்ன பண்ணுவேன்? நம்ம ஆளுங்க தப்புப் பண்ணினா நாசூக்கா ஒதுங்கிப் போவேன். வீட்டு விஷயம் வீட்டோடன்னு. இவ என்னடான்னா, 'வரியைக் கூட்ட மாட்டோம்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கிட்டுப் போனீங்க. போய்ச் சேந்ததும் கூட்டிட்டீங்க. அந்தக் கட்சிக்காரன் செஞ்சா நான் கத்துவேன், நீங்க செஞ்சா மட்டும் பேசாம ஆப்பிள் சீவணுமா?'ன்னு நம்ம மிசூரிக் குடியரசுக் கட்சியையே கேக்கறா.

— கேக்க வேண்டியதுதானே?

— கேக்க வேண்டியதுதான். அதை நான் கேட்டிருக்கணும். அவ முந்திக்கிட்டா. நம்ம கட்சிக்குள்ளயே உன்னை எதிர்த்து நின்னு தோக்கடிச்சிட்டுப் போனானே அந்தப் பல் டாக்டர், அவன்தானே அந்த வரிக்கு முதல்ல கையத் தூக்கினவன்? அவனைக் கேக்கற உரிமை இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?

— எனக்கு இருக்கு. நானே கேக்கல.

— நீ எதைத்தான் கேட்ட? சரி, இதைச் சொல்லு. கமிட்டியில அவ பேரை யாரு கெளப்பினது?

— தலைவர்தான் அறிவிச்சாரு.

— தலைவரு விருந்துக்குப் பன்றித்தொடை போதுமான்னு கேக்கறதுக்கே நாலு பேரு முகத்தைப் பாப்பாரு. அவரா நினைச்சிருக்க மாட்டாரு. யாரோ காதுல ஓதியிருக்காங்க.

— இருக்கலாம்.

— யாரு?

— உன் பக்கத்துக் கண்ணாடியில ஆவி அடிச்சிருக்கு. கொஞ்சம் தொடையேன், எதிர்ல வர்ற வண்டி தெரியல.

— தொடைக்கிறேன். இருக்கட்டும், அவ ஆட்டமெல்லாம் நாளைக் காலை வரைக்கும்தான். கூட்டம் முடிஞ்சு காபிக் கோப்பை கழுவிக்கிட்டு இருந்தோமா, அப்ப ஓர்ஃபா என் காதுல ஒண்ணு போட்டா.

— வாக்குச்சாவடி மேசையில உக்காருவாளே, அந்த ஓர்ஃபாவா?

— அவதான். வேற எந்த ஓர்ஃபா இருக்கா இந்த ஊர்ல? ஆறு வருஷம் முன்னாடி ஆகஸ்ட் மாசம், நீ ஜெஃபர்சன் சிட்டி சட்டசபைக்குப் போக நின்னியே, அந்தப் பிரைமரித் தேர்தல். அன்னைக்கு அவதான் மேசையில இருந்தா. மேவிஸ் வந்தாளாம். ஓட்டுச் சீட்டுக் குடுக்கறதுக்கு முன்னாடி 'எந்தக் கட்சிச் சீட்டு வேணும்?'னு ஓர்ஃபா கேட்டாளாம். நம்ம மகாராணி என்ன சொன்னா தெரியுமா? ஜனநாயகக் கட்சிச் சீட்டுக் குடுன்னு சொன்னாளாம். வரிசையில நின்ன அத்தனை பேரு காதுலயும் விழற மாதிரி.

— ம்.

— என்ன ம்? காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— தூக்கிவாரிப் போடலையா உனக்கு?

— வண்டி ஓட்டறப்ப எதுக்குத் தூக்கிவாரிப் போடணும்?

— இரு, இப்பக் கேளு. நாளைக்குக் காலையில இப்படித்தான் ஆரம்பிக்கப் போறேன். 'கேல்வர்ட் கவுண்டியின் உழைக்கும் மக்களே, கடவுளுக்கு அஞ்சும் குடும்பங்களே, காலை வணக்கம். பிரைமரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கட்சிக்கு யார் நிற்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் நாள் அது. அவர்கள் கட்சிக்கு யார் நிற்பது என்பது அவர்கள் பாடு. ஒருவருக்கு ஒரு சீட்டுதான். இதை வாங்கினால் அது கிடையாது. அப்படியிருக்க, நாடே கொண்டாடும் ஒரு பெண்மணி, சனிக்கிழமை நம் மேடையில் ஏறி நமக்குக் கொள்கை சொல்லித் தரப்போகும் பெண்மணி, தன் சொந்த அக்காவின் கணவர் போட்டியிட்ட தேர்தலில், அந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினார். ஏன்?' அந்த 'ஏன்'ல நிறுத்திட்டு விளம்பரத்துக்குப் போயிருவேன்.

— அந்த இடத்துல என் தீவனக் கடை விளம்பரம்தான் வரும்.

— வரட்டும். ஜனங்க தீவனத்தைக் கேட்டுக்கிட்டே கொதிச்சுக்கிட்டு இருக்கட்டும்.

— ரோ, சொல்லாதே.

— ஏன் சொல்லக்கூடாது? பொய்யா?

— பொய்யில்ல. ஆனா சனிக்கிழமை டி.வி. ஆளுங்க கேமராவோட வர்றாங்க. சொந்த ஊர்ல அவளை எப்படிக் கொண்டாடறாங்கன்னு பாத்துட்டுத்தான் அவளுக்கு நிரந்தரமா எடம் குடுக்கப் போறாங்க. நீ காத்தால இதைப் போட்டு விட்டா அங்க கூச்சல்தான் வரும். அப்புறம் அவளுக்கு டி.வி.யும் இல்ல, இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கவும் முடியாது. உன் கூடப் பொறந்தவ அவ.

— அதை அந்தச் சீட்டைக் கேக்கறப்ப அவ நினைச்சிருக்கணும். எத்தனை ஓட்டுல தோத்த நீ? தோக்க வெச்ச அத்தனை பேரையும் நம்ம சர்ச்சுல ஒரு பெஞ்சுல உக்கார வெச்சிரலாம். ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடறப்ப ஒவ்வொரு முதுகாப் பாக்கறேன், எல்டன். நீயா, நீயா, நீயான்னு. ஜெபத்துல மனசு நிக்கல எனக்கு. நம்ம மேசையில கை நனைச்சவன் எவன் துரோகம் பண்ணினான்னு தெரியாம வெந்துக்கிட்டு இருந்தேன். பாத்தா, எனக்குப் பக்கத்துலயே உக்காந்து என் பாட்டுப் புத்தகத்தையே பாத்துப் பாடிக்கிட்டு இருந்திருக்கா.

— அது முடிஞ்சு போன கதை.

— உனக்கு முடிஞ்சு போச்சு. முடிவு வந்த மறுநாள் நீ பாட்டுக்குப் போய்க் கடையைத் தொறந்து கோழித் தீவனம் அளந்து போட்ட. ஒரு வார்த்தை பேசல. நான்தான் குளியலறையில குழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். ஜெஃபர்சன் சிட்டியில போடறதுக்குன்னு உனக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கினோமே, அதைக் கண்ணால பாக்க முடியாம யாருக்கோ குடுத்தேன்.

— உன் போன் அடிக்குது.

— யாரு?

— மேவிஸ்.

— எடுக்காதே. இல்ல, எடு. வண்டி ஸ்பீக்கர்ல போடு. நீ வாயைத் தொறக்காதே, நான் பேசிக்கறேன்.

— அக்கா? நான் மேவிஸ் பேசறேன். வீட்டுக்குப் போயிட்டியா?

— இல்லடி தங்கம், வழியில இருக்கேன். சொல்லு.

— கமிட்டியில இருந்து இப்பதான் பேசினாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன் எடத்துல என்னைப் போய் நிக்கச் சொல்றாங்களே, அக்கா என்ன நினைப்பான்னுதான் முதல்ல தோணுச்சு.

— நான் என்ன நினைக்கிறேன்? சந்தோஷம்தான். தொண்டைக்கு ஒரு வருஷம் ஓய்வு.

— நிஜமாவா?

— சந்தோஷத்துல எனக்குப் பேச்சே வரல, போ.

— அப்ப ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக்கூடாது. மேடையில என்னை நீதான் அறிமுகப்படுத்தணும். வேற யாரு பண்ணினாலும் எனக்கு மேடையேறத் தோணாது. டி.வி.யிலயே சொன்னேன், எனக்குப் பேசத் தெரியுதுன்னா அது எங்க அக்கா ரேடியோவைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்னு. ஆனா ஒளிபரப்பறப்ப அந்தப் பகுதியை வெட்டிட்டாங்க.

— வெட்டிட்டாங்களா? பாவம், நேரம் பத்தலை போல.

— கோவமா இருக்கியா அக்கா?

— இல்லடி. ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான். எல்டன் நின்ன பிரைமரியில, மேசையில நீ எந்தக் கட்சிச் சீட்டுக் கேட்ட?

— அக்கா...

— லைன் விட்டு விட்டு வருது. எந்தச் சீட்டுன்னு கேட்டேன்.

— எல்டன் பக்கத்துல இருக்காரா?

— எல்டனை எதுக்கு இழுக்கற? நான் உன்னைக் கேக்கறேன்.

— நான் அவருகிட்ட அப்பவே சொல்லிட்டேன் அக்கா. அவரு கோவிச்சுக்கவே இல்ல. போகட்டும் விடுன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதே, முக்கியமா உங்க அக்காகிட்டச் சொல்லாதேன்னாரு.

— என்கிட்டயா? சொல்லாதேன்னாரா?

— நான் உளறிட்டேன் போல. அக்கா, எதுவா இருந்தாலும் என்னைத் திட்டு, அவரை ஒண்ணும் சொல்லாதே. அடுப்புல ஆப்பிள் பலகாரம் வேகுது, கருகிடும். வெச்சிடறேன்.

— மேவிஸ். ஏய், மேவிஸ். வெச்சுட்டா. எல்டன், வண்டியை நிறுத்து.

— இங்க நிறுத்தினா வழுக்கிக்கிட்டுப் போயிரும்.

— நிறுத்துன்னு சொல்றேன்.

— இரு. தானியக் கிடங்கு வாசல்ல பனி கரைய உப்புக் கொட்டி வெச்சிருக்காங்க. அங்க ஓரம் கட்டறேன். ம். இப்பச் சொல்லு.

— நான் சொல்றதா? நீ சொல்லு. ஆறு வருஷமா உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சர்ச்சுல முதுகு முதுகாத் தேடிக்கிட்டு இருந்தப்ப நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்க. நீயும் அவளும் எனக்குத் தெரியாம ஒரு பேச்சு வெச்சிருந்திருக்கீங்க.

— அப்படி ஒண்ணும் இல்ல.

— கமிட்டியில அவ பேரை யாரு சொன்னது? இப்பவாவது சொல்லு.

— நான்தான்.

— நீ.

— நான்தான் சொன்னேன். அவளுக்கு அது சேர வேண்டியதுன்னு தோணுச்சு. உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். தைரியம் வரல.

— அப்பா பேச்சு அவளுக்கு. அம்மா மாலை அவளுக்கு. என் மேடை அவளுக்கு. எனக்குன்னு மிச்சம் இருந்தது நீ ஒருத்தன்தான். இப்ப நீயும் அந்தப் பக்கம்.

— ரோ, அந்த வழியில போகாதே. அங்க ஒண்ணும் இல்ல.

— பொறாமைதான், எல்டன். சொல்லிடறேன். வழியெல்லாம் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டு வந்தேனே, பொறாமைதான். வயிறு பத்தி எரியுது. அவ டி.வி.யில வந்த மறுநாள் ஸ்டேஷன்ல விளம்பரம் ஓடி முடிஞ்சு, நான் மைக்குக்குப் போகாம அப்படியே உக்காந்திருந்தேன். வெறும் காத்து ஓடுது ரேடியோல. நான் பேசலைன்னா எவனாவது போன் பண்ணிக் கேக்கறானான்னு பாத்தேன். ஒருத்தன் கேக்கல. வருஷக்கணக்காத் தொண்டை கிழியப் பேசறேன். வரியைப் பத்திப் பேசறேன், பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசறேன், எல்லையைப் பத்திப் பேசறேன். நான் சொன்னதைக் கேட்டு எவனாவது எந்திரிச்சு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பானா? தலையை ஆட்டிட்டு மாட்டுக்குத் தீனி வெக்கப் போயிருவான். அவ ஆப்பிள் சீவினா நாடே காது குடுக்குது.

— கேட்டிருக்காங்க.

— யாரு கேட்டா? என்ன செஞ்சா? ஒண்ணு சொல்லு பாப்போம்.

— அந்த ஆகஸ்ட்ல, தேர்தலுக்கு முந்தின வாரம் காலையில என்ன பேசிக்கிட்டு இருந்தன்னு நினைவு இருக்கா?

— இல்லாம என்ன? நான் பேசினதுலயே பெரிய பேச்சு அது. அந்தக் கட்சியில கவர்னர் தேர்தலுக்கு யாரு நிக்கறதுன்னு ரெண்டு பேரு மோதினாங்க. ஒருத்தன் முன்னாடி ஷெரீஃபா இருந்தவன். மாடு வளப்பான், மான் வேட்டைக்குப் போவான், நம்ம ஆளுங்களே மயங்கிப் போவாங்க. இன்னொருத்தி யூனிவர்சிட்டி வாத்தியாரம்மா. அவ பேசினா அவளுக்கே கொட்டாவி வரும். ஷெரீஃப் நின்னா நவம்பர்ல நமக்குக் கஷ்டம். அதனால, மானம் பாக்காம மேசையில அவங்க சீட்டைக் கேட்டு வாங்குங்க, வாத்தியாரம்மாவுக்குப் போடுங்க, அவளை நம்ம ஆளு ஊதித் தள்ளிருவாருன்னு சொன்னேன். வாரம் பூரா சொன்னேன். அப்படியே நடந்துச்சா இல்லையா? வாத்தியாரம்மாதான் வந்தா. நம்ம கவர்னர்தான் ஜெயிச்சாரு. அவரு ஆபீஸ்ல இருந்து நன்றி சொல்லிக் கார்டு வந்துச்சு.

— இன்னமும் ஃபிரிட்ஜ் கதவுல இருக்கு.

— இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன?

— மேவிஸ் அந்தப் பேச்சைக் கேட்டுட்டுத்தான் அந்தச் சீட்டை வாங்கினா.

— அடப்பாவி. அது மாநிலத்துல இருக்கற மத்தவங்களுக்குச் சொன்னது. சொந்தக் குடும்பத்துக்கா சொன்னேன்? அக்கா புருஷன் நம்ம சீட்டுல நிக்கிறான், நாம அதைத்தான் வாங்கணும்னு புத்தி வேண்டாமா அவளுக்கு?

— உனக்குப் போன் பண்ணிக் கேட்டாளே. 'அக்கா, ஒரு சீட்டுதானே குடுப்பாங்க, நான் எல்டனுக்குப் போடறதா, நீ ரேடியோல சொன்னதைச் செய்யறதா?'ன்னு. நீ என்ன சொன்ன?

— நான் என்ன சொன்னேன்?

— 'ரேடியோல நான் என்ன வேடிக்கைக்கா பேசறேன்? சொன்னதைச் செய்டி. எல்டன் எப்படியும் ஜெயிச்சிருவான்.' அப்படிச் சொன்ன. நான் பக்கத்துலதான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னேன்.

— நீ கேட்டுக்கிட்டா நின்ன? ஏன் தடுக்கல?

— எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. எப்படியும் ஜெயிச்சிருவோம்னு.

— எல்டன்.

— மறுநாள் கடைக்கு வந்து தீவன மூட்டை மேல உக்காந்து அழுதா. அக்கா சொல்றான்னு யோசிக்காமச் செஞ்சுட்டேன், உங்களுக்கு ஓட்டுப் போட முடியாமப் போச்சுன்னா. அதுக்கப்புறம்தான் அந்த ஆப்பிள் பேச்செல்லாம். ஒவ்வொரு தடவையும் கடைசியில என்ன சொல்லி முடிக்கிறா? 'நான் சொல்றேன்னு செய்யாதீங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க.' அதுக்காகத்தான் அவ பேரைச் சொன்னேன். அவ்வளவுதான் விஷயம்.

— அந்த வார்த்தையையும் நம்ம வீட்டுல இருந்துதான் எடுத்துக்கிட்டுப் போயிருக்காளா?

— ஆமா.

— சரி. அவ ஒருத்தி. அவளை விட்டுரு. ஒருத்தி ஓட்டுலயா நீ தோத்த? மீதி பெஞ்சு யாரு? அந்தத் துரோகிங்க யாரு?

— துரோகின்னு சொல்லாதே. முடிவெட்டற வெர்ஜில், தன் கடையில காலையில பூரா உன் ரேடியோவைத்தான் வெச்சிருப்பான். அவன் போனான், மானம் பாக்காம அவங்க சீட்டைக் கேட்டான். போதகர் பொண்டாட்டி. உன் தையல் கூட்டத்துப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே வேன்ல போனாங்க. ஓர்ஃபாவே தனக்கும் அதையேதான் எடுத்துக்கிட்டா. அதனாலதான் அவளுக்கு மேவிஸ் வாங்கினது பெரிசாத் தெரியல, ஏதோ பழைய வேடிக்கையாத்தான் உன்கிட்டச் சொல்லியிருப்பா. நாளைக்கு நீ அந்த 'ஏன்' போட்டு நிறுத்தினா, விளம்பரம் முடியறதுக்குள்ள பாதி ஊரு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணும், 'நீதானேம்மா சொன்ன?'ன்னு.

— ரேடியோ இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு... நான் மாநிலத்துக்குன்னு நினைச்சுத்தான்...

— ரெண்டு கவுண்டி தாண்டினா உன் ஸ்டேஷன் கொரகொரன்னுதான் கேக்கும், ரோ. அந்த ரெண்டு கவுண்டிதான் நான் நின்ன தொகுதி.

— அப்ப அந்த வாத்தியாரம்மாவை...

— அவளைக் கேன்சஸ் சிட்டி மாதிரிப் பெரிய ஊர்க்காரங்களே ஜெயிக்க வெச்சிருப்பாங்க. நம்ம ஊரு ஓட்டு அதுக்குத் தேவைப்படல.

— பல் டாக்டரை ஜெஃபர்சன் சிட்டிக்கு அனுப்பினது நானா?

— அழாதே. கண்ணாடி மறுபடியும் ஆவி அடிக்குது.

— உங்க அம்மா? உங்க அம்மாவாவது உனக்குப் போட்டாங்களா?

— அம்மா உன் நிகழ்ச்சியை ஒரு நாள் விடுவாங்களா? நடக்கறதுக்குப் பிடிச்சுக்கற வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் அந்தக் கட்சிச் சீட்டை வாங்கிப் போட்டுட்டு வந்தாங்க. 'உன் பொண்டாட்டி சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன்டா'ன்னு சந்தோஷமாச் சொன்னாங்க.

— இதை ஏன் என்கிட்ட ஒரு நாளும் சொல்லல?

— சொன்னா நீ பேசறதை நிறுத்திடுவ. எனக்கு ஜெஃபர்சன் சிட்டி இல்லாம இருக்க முடிஞ்சுது. காலையில உன் குரல் இல்லாம கடையைத் தொறக்க முடியும்னு தோணல.

— அம்மா, தங்கச்சி, போதகர் வீடு, வெர்ஜில், தையல் கூட்டம். நம்ம ஆளுங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம் போயிட்டாங்கன்னா, எல்டன், உனக்கு விழுந்த ஓட்டெல்லாம் யாரு போட்டது?

— உன் ரேடியோவைக் கேக்காதவங்க.